பக்கத்தில் ஆள் இல்லாத அடுப்படி

(வடபழனியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2022 ஜனவரி 23, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வடபழனி முருகன் கோயிலில் அன்று குடமுழுக்கு. திருப்பணி முடிந்து, கோபுரக் கலசங்களில் நீர் ஊற்றியபோது அண்ணாந்து பார்க்கக் கீழே கூட்டம் இல்லை. கொரோனாவின் மூன்றாம் அலைக்காக ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு போட்டிருந்த நேரம் அது. பக்தர்கள் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முருகனுக்குக் குறை ஒன்றும் இருந்திருக்காது.

குறை வேறு சிலருக்கு. வடபழனி மாதிரி ஒரு தலத்தில் குடமுழுக்கு என்றால் சுற்று வட்டாரத்து லாட்ஜுகளில் அறை கிடைக்காது. டிபன் கடைகளில் தோசைக்கல் இறங்காது. அன்னதானத்துக்கு அண்டா ஏற்றும் சமையல் குழு, இலை போடுகிறவர், எச்சில் இலை எடுக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிற பெண் என்று நூற்றுக்கணக்கான பேருக்கு அது கூலி நாள். அந்தக் கூலியை நேரலையில் அனுப்ப முடியாது. இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது. அவர்களைவிடவும், அவர்கள் பக்கத்தில் நின்று தொழில் கற்றிருக்க வேண்டிய பையன்களையும் பெண்களையும் பற்றியது.

வடபழனியைச் சுற்றுலாத் தலம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விருந்தோம்பல் தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் சென்னையில் கிடையாது. கோயிலில் கல்யாணம், அதற்கு வெளியூர் உறவினர் தங்க அறை, சாப்பிட மண்டபம். ஆற்காடு சாலையின் இருபுறமும் சினிமா. ஸ்டுடியோ, டப்பிங் தியேட்டர், வாய்ப்புத் தேடி வந்தவர்கள் தங்கும் மேன்ஷன், அவர்களுக்குச் சோறு போடும் மெஸ். அப்புறம் பெரிய மருத்துவமனைகள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் வாடகை அறையில் இருந்து தாங்களே சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள். சாமி, சினிமா, வைத்தியம் என்ற மூன்று ஊற்றுகளில்தான் இந்தப் பேட்டையின் லாட்ஜும் ஓட்டலும் தண்ணீர் குடிக்கின்றன. 2020 மார்ச்சில் மூன்றும் ஒரே வாரத்தில் வற்றின. 19-ம் தேதியோடு படப்பிடிப்பு நின்றது. 24-ம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கோயில் நடை பக்தர்களுக்கு மறுபடி திறக்கச் செப்டம்பர் 1 ஆயிற்று.

கணக்கைப் பார்த்துவிடலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்துக்காக என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒரு மதிப்பீடு செய்தது. பெருந்தொற்றுக்கு முன்பு இந்தியச் சுற்றுலாவில் நேரடி வேலைகள் 3 கோடியே 48 லட்சம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் இழந்தவை 1 கோடியே 45 லட்சம். அடுத்த மூன்று மாதத்தில் 52 லட்சம், அதற்கடுத்ததில் 18 லட்சம். உலகக் கணக்கில், 33 கோடிக்குச் சற்று மேலிருந்த பயண, சுற்றுலா வேலைகளில் 6 கோடியே 20 லட்சம் 2020-ல் மறைந்ததாக உலகப் பயண, சுற்றுலாக் குழு சொன்னது.

தமிழ்நாட்டின் எண்கள் இன்னும் கூர்மையானவை. 2019-ல் இங்கே வந்துபோன உள்நாட்டுப் பயணிகள் 49 கோடியே 48 லட்சம். இதென்ன, மக்கள்தொகையைவிடப் பல மடங்கு அதிகமாயிருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். துறையின் கணக்கில் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவரும் பயணிதான். ஒவ்வொரு போக்கும் ஒரு வரவு. அந்த எண் 2020-ல் 14 கோடியாகவும் 2021-ல் பதினொன்றரைக் கோடியாகவும் இறங்கியது. வெளிநாட்டார் கதை அதைவிட மோசம். 2019-ல் 68 லட்சத்து 66 ஆயிரம் பேர். 2021-ல் ஐம்பத்தெட்டாயிரம் பேர்கூட இல்லை. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் நடந்து போனதைப் பார்த்து, இனி நமக்கு யோகம்தான் என்று அங்கே நம்பியவர்கள் பலர். அடுத்த மார்ச் 17-ல் தொல்லியல் துறை நாட்டிலுள்ள தன் சின்னங்கள் எல்லாவற்றையும் பூட்டியபோது கடற்கரைக் கோயிலும் பூட்டிக்கொண்டது.

இந்த எண்கள் பலமுறை எழுதப்பட்டவை. வேலை போனது, பிறகு வேலை வந்தது என்ற அளவில் இவற்றைப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தத் தொழிலில் இன்னொரு முறிவு நடந்தது. அதற்குக் கணக்கெடுப்பு கிடையாது.

ஓட்டல் தொழில் பக்கத்தில் நின்று கற்கிற தொழில். கே. கிருஷ்ண ராவ் உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஓட்டல் அடுப்படியில் எடுபிடி வேலையில் தொடங்கியவர்; 1938-ல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். நம் ஊர் ஓட்டல்களின் பாடத்திட்டம் இதுதான். கிளீனராக நுழைகிறவன் காய் நறுக்கப் போவான், மாவு ஆட்டுவான், தோசைக்கல்லுக்கு வருவான், கடைசியில் சாம்பாரும் குருமாவும் இறக்குகிற சரக்கு மாஸ்டர் ஆவான். எந்தப் படியிலும் தேர்வு கிடையாது. மாஸ்டர் லீவு போடுகிற நாள்தான் தேர்வு.

நட்சத்திர ஓட்டல்களுக்கு ஆள் வேண்டியபோது இதையே அரசு கல்லூரிக்குள் கொண்டுவந்தது. தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் 1963-ல் தொடங்கியது. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. நகரம் முழுக்கத் தனியார் ‘கேட்டரிங் காலேஜ்’கள் முளைத்தன. பாடத்திட்டம் எவ்வளவு மாறினாலும் ஒன்று மாறவில்லை: படிப்பின் நடுவில் சில மாதம் மாணவர் ஓட்டலுக்குப் போய் வேலை பார்த்தே ஆக வேண்டும். சமையலறை, பரிமாறல், வரவேற்பு, ஹவுஸ்கீப்பிங் என நான்கு பிரிவிலும் சுற்ற வேண்டும். பிள்ளைகள் அதை ‘ஐ.டி.’ என்பார்கள், அதாவது இண்டஸ்ட்ரியல் டிரெயினிங். பலருக்குக் கல்லூரி மூன்று ஆண்டு என்பது பெயருக்குத்தான். தொழில் புகுந்தது அந்தச் சில மாதத்தில்.

2020-ல் அறுந்தது அந்தக் கண்ணி. ஓட்டல் மூடினால் பயிற்சிக்கு இடம் ஏது? அறைகள் காலியாக இருக்கும் ஓட்டலில் படுக்கை விரிக்க எங்கே கற்பது? ஏப்ரல் 25-ல் நடக்கவிருந்த ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகளின் தேசிய நுழைவுத் தேர்வு ஆகஸ்ட் 29-க்குப் போயிற்று. தமிழகக் கல்லூரிகள் இடையில் சில மாதம் தலைகாட்டிவிட்டு மறுபடி மூடி, 2021 செப்டம்பர் 1-ல்தான் திறந்தன. 2022 ஜனவரியில் மறுபடியும் ஒரு மூடல். நடுவில் எல்லாம் கைப்பேசித் திரையில்.

வரலாறும் கணக்கும் திரையில் படிக்கலாம், ஓரளவுக்கு. பாகு பதம் படிக்க முடியுமா? மைசூர்பாகுக்கு ஜீரா கொதிக்கும்போது ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒட்டிப் பிரித்தால் கம்பி வர வேண்டும். கம்பி வருவதைக் கேமரா காட்டும். எவ்வளவு பிசுக்கில் அது வருகிறது என்பதைக் காட்டாது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழுகிற சத்தத்தை வைத்துச் சூடு அறிகிற காது, சூடான தட்டு மூன்றை ஒரே கையில் அடுக்கி நெரிசலில் புகுந்து வருகிற தோள், நடுராத்திரி இரண்டு மணிக்கு அறையில் ஏ.சி. ஓடவில்லை என்று கத்துகிற விருந்தினர்முன் சிரித்த முகம் மாறாமல் நிற்கிற பக்குவம், இவற்றுக்கெல்லாம் ஆசிரியர் திரையில் இல்லை. மாணவர்கள் வீட்டு அடுப்பில் சமைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். நான்கு பேருக்குச் சமைக்கிற வீட்டு அடுப்பும் நானூறு பேருக்குச் சமைக்கிற அடுப்பும் நெருப்பு என்ற ஒன்றில்தான் ஒற்றுமை. கேலி நம் ஊரில் எப்போதும் தயாராக இருக்கும். ‘ஆல் பாஸ்’ என்றும் ‘கொரோனா பேட்ச்’ என்றும் அந்தப் பிள்ளைகளுக்குப் பட்டப் பெயர் வந்தது. கல்லூரியை மூடியது அவர்கள் அல்ல என்பதைக் கேலி செய்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

கப்பல் வேலைக் கனவும் அதே ஆண்டில் அடிபட்டது. கேட்டரிங் படித்த பையன்கள் பலருக்கு உல்லாசக் கப்பலில் ஒப்பந்தம் என்பது வீட்டுக் கடனை அடைக்கிற வழி. 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அதில் இந்திய ஊழியர்கள் 132 பேர். பயணிகள் அறைக்குள் அடைபட்டிருக்க, ஊழியர்கள் மூன்று வேளையும் அறை வாசலுக்குச் சாப்பாட்டுத் தட்டு தூக்கினார்கள். தொற்று எழுநூறு பேருக்கு மேல் பரவியது. விருந்தோம்பல் என்ற சொல்லுக்குள் இருக்கும் உழைப்பு எது என்பதை அந்த வாசல் தட்டுகள் உலகத்துக்குக் காட்டின.

உள்ளூரிலும் அதுதான் நடந்தது. 2020 மே மாதம் வந்தே பாரத் விமானங்களில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் சென்னை ஓட்டல்களில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். கொரோனா வார்டில் வேலை பார்த்த மருத்துவர்களையும் செவிலியரையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஓட்டல்களில் தங்கவைத்தார்கள். விருந்தினரைத் தொடாமல், அவர் பயன்படுத்திய துணியைத் தனியாகக் கட்டி, அறையைக் கிருமி நீக்கம் செய்து ஒப்படைக்கிற வேலையை ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள் ஓரிரு நாளில் கற்றார்கள். பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பாடத்திட்டத்தில் இல்லாத பயிற்சி நடந்தது; அதற்குச் சான்றிதழ்தான் கிடையாது.

இந்த இடத்தில் சுவீடனைப் பார்ப்பது நல்லது. ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் 2020 மார்ச்சில் சுமார் 10,000 ஊழியர்களைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியது. அடுத்த சில வாரங்களில் ஸ்டாக்ஹோமின் சோஃபியாஹெம்மெட் பல்கலைக்கழகம் அந்த விமானப் பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் மூன்றே நாள் பாடம் நடத்தி மருத்துவமனை உதவி வேலைக்கு அனுப்பியது. படுக்கை சரிசெய்வது, கருவிகளைத் துப்புரவாக்குவது, நோயாளியின் குடும்பத்துக்குத் தகவல் சொல்வது ஆகியவை அந்தப் பாடம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணியாளர்களும் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனிக்கப் போனார்கள். விருந்தினரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். வடபழனியில் ஆஸ்பத்திரியும் ஓட்டலும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஒன்றில் ஆள் போதவில்லை, இன்னொன்றில் ஆளுக்கு வேலை இல்லை. நடுவில் மூன்று நாள் பாடம் ஒன்று இருந்திருக்கலாம்.

மாறாக நடந்தது என்ன? ஊழியர்கள் ஊருக்குப் போனார்கள். சென்னை ஓட்டல்களின் சமையலறையிலும் பரிமாறலிலும் அசாம், மணிப்பூர், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது சாப்பிடப் போகிற எல்லோருக்கும் தெரியும். மே மாதத்துச் சிறப்பு ரயில்களில் அவர்கள் கிளம்பினார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் பைக்கிலும் லாரியிலும் போனார்கள். போனவர்களில் ஒரு பகுதி திரும்பவில்லை. ஊரில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் உணவு டெலிவரிக்குப் போனார்கள். அங்கும் தரை உறுதியாக இல்லை. 2020 மே மாதத்தில் ஸ்விக்கி 1,100 பேரை வெளியேற்றியது, சொமாட்டோ தன் ஊழியர்களில் 13 சதவீதத்தைக் கழித்தது.

திரும்பாதவர்கள் யார் என்பது முக்கியம். மேலே இருக்கும் தலைமைச் சமையல்காரர் எப்படியும் ஒரு வேலை பிடித்துவிடுவார். அடியில் புதிதாக வருகிற பையன் இன்னும் தொழிலுக்குள் நுழையவே இல்லை. அறுந்தது நடுப்படி: ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ள இரண்டாம் கை, கேப்டன், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். தலைமைச் சமையல்காரருக்கு டிரெயினியின் பெயர்கூடத் தெரியாது. வெங்காயத்தை எப்படிப் பிடித்தால் விரல் தப்பும் என்று திட்டிச் சொல்கிறவன் இரண்டாம் கை.

பிறகு கூட்டம் திரும்பியது. 2022-ல் தமிழ்நாட்டின் உள்நாட்டுப் பயணிகள் 21 கோடியே 85 லட்சமாக ஏறினார்கள். அந்த ஆண்டு ஜூலை 28-ல் சென்னையில் தொடங்கிய சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் உலகம் முழுவதிலுமிருந்து வந்த ஆட்டக்காரர்கள். தடைபட்ட கல்யாணங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. அப்போது எழுந்ததுதான் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்கிற புலம்பல். இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்வது எளிது. முதல் பூட்டு விழுந்த மாதமே சம்பளம் இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அதை அவர்கள் மறக்கவில்லை. அவர்களுடைய தம்பி தங்கைகளும் மறக்கவில்லை. பத்து பன்னிரண்டு மணி நேர வேலை, பண்டிகை நாளில் விடுப்பில்லை, பயிற்சிக் காலத்தில் பஸ் செலவுக்குத் தாங்குகிற ஸ்டைபண்ட். இதையெல்லாம் முன்பு பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், ‘ஓட்டல் வேலையில் சோத்துக்குப் பஞ்சம் வராது’ என்கிற பழைய நம்பிக்கை. 2020 அந்த நம்பிக்கையைக் காலி செய்துவிட்டது. ஓட்டல் ஊழியரே அம்மா உணவகத்தின் வரிசையில் நின்ற காலம் அது.

கல்யாணச் சமையலுக்கு வருவோம். வடபழனிக்காரர்களுக்கு இதுதான் நெருக்கம்.

கல்யாணச் சமையல் குழுவுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கான்ட்ராக்டர் ஆர்டர் பிடிப்பார். ஸ்வீட் மாஸ்டர், டிபன் மாஸ்டர், சாப்பாட்டு மாஸ்டர், காய் நறுக்கும் பெண்கள், பாத்திரம் தேய்ப்பவர், பரிமாறும் பையன்கள் என்று ஆள் சேர்ப்பார். முதல் நாள் மாலை மண்டபத்தின் பின்கட்டில் அடுப்பு மூட்டினால் மறுநாள் மதியப் பந்தி முடியும்வரை தூக்கம் இல்லை. கூலி அன்றன்றைக்கு. ஆகவே பஞ்சாங்கம்தான் அவர்களுக்குச் சம்பளப் பட்டியல். தையில் தொடங்கிப் பங்குனி உத்திரம் ஒரு வரவு; சித்திரையும் வைகாசியும் பெரிய வரவு; ஆனி முடிந்து ஆடியில் பட்டினி; ஆவணியில் மறுபடி. இப்போது நோயின் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். முதல் ஊரடங்கு 2020 பங்குனியில் தொடங்கிச் சித்திரை, வைகாசியைத் தின்றது. இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு 2021 மே 10, அதாவது மறுபடியும் சித்திரைக் கடைசி. மறுபடியும் வைகாசி போயிற்று. ஒரு குழு ஆண்டு முழுக்கச் சாப்பிடுவதற்குச் சம்பாதிக்கிற இரண்டு மாதம் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு விழுந்தது. கல்யாணங்கள் நின்றுவிடவில்லை, ஐம்பது பேருக்குள் நடந்தன. ஐம்பது பேர் கல்யாணத்துக்கு மாஸ்டர் எதற்கு? பக்கத்து மெஸ்ஸில் சொன்னால் போதும்.

அரசு கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அரிசி அட்டைக்கு 2020-ல் 1,000 ரூபாயும், 2021-ல் இரு தவணையாக 4,000 ரூபாயும் வந்தன. அது குடும்பத்துக்கு வந்த உதவி, தொழிலுக்கு அல்ல. தொழிலுக்கென்று 2021 ஜூனில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், பதிவு பெற்ற சுற்றுலா வழிகாட்டிக்கு ஒரு லட்சம் ரூபாயும் பயண நிறுவனத்துக்குப் பத்து லட்சமும் இருந்தன, இரண்டுமே கடன். ஓட்டல் முதலாளிகளுக்கு வங்கிக் கடன் உத்தரவாதம் நீண்டது. 2022 பட்ஜெட்டில் விருந்தோம்பல் துறைக்கென்றே 50,000 கோடி ரூபாய் அளவுக்கு அதை விரித்தார்கள். கடன் வாங்க அடமானமோ பதிவுச் சான்றோ இல்லாத ஸ்வீட் மாஸ்டர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அவருடைய மூலதனம் விரல் நுனியில் இருக்கும் பதம். அதற்கு எந்த வங்கியும் மதிப்புப் போடாது.

பயிற்சித் திட்டங்கள் இப்போது குறைவில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10-ல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஜ்கார் தக்’ திட்டம் எட்டு வாரத்தில் சமையலும் ஆறு வாரத்தில் பரிமாறலும் கற்பித்தது. எட்டாம் வகுப்பு போதும். 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தொழில் திறன் கற்பிக்கும் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. மாநில அரசு நிறுவனமான தாட்கோ ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளைத் தன் செலவில் தரமணி நிறுவனத்தில் படிக்கவைக்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு மூன்றாண்டுப் பட்டம், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஒன்றரை ஆண்டு உணவு தயாரிப்புக் கைவினைஞர் படிப்பு. 2023-ல் வந்த தமிழ்நாட்டின் சுற்றுலாக் கொள்கை இந்தத் துறைக்குத் தொழில் தகுதி கொடுத்தது. இவற்றில் தாட்கோ திட்டம்தான் சரியான நரம்பைத் தொடுகிறது. கேட்டரிங் கல்லூரியின் கட்டணமும், பயிற்சிக் காலத்தில் கையைக் கடிக்கும் செலவும் சேர்ந்து ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடும். அந்தச் செலவை வேறொருவர் ஏற்றால் அடுத்த பெருந்தொற்றிலும் அந்தப் பிள்ளை படிப்பைப் பாதியில் விடாது.

எல்லாத் திட்டத்திலும் ஒரு ஓட்டை பாக்கி. பிள்ளையைச் சேர்க்கிறோம், அடுப்பு வாங்குகிறோம், சொல்லிக்கொடுக்க யாரைக் கொண்டுவருகிறோம்? கல்லூரியில் ஆசிரியராக நிற்கப் பட்டம் வேண்டும். முப்பது ஆண்டு அண்டா இறக்கியவரிடம் பட்டம் இல்லை. முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தருகிற ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. அது மாஸ்டரைத் தேர்வு எழுதவைத்துக் கையில் காகிதம் கொடுத்து அனுப்புகிறது. அவரை வகுப்புக்குள் கூப்பிடுவதில்லை.

ஆகவே இந்த மேடையிலிருந்து ஒரு கோரிக்கை. பெரிய செலவு பிடிக்காதது. ஆடியில் கல்யாணம் இல்லை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கத்து மாஸ்டர்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பார்கள். கேட்டரிங் கல்லூரிகளில் வகுப்பு சூடு பிடிக்கிற மாதம் அதுவே. அடுப்பு அங்கே இருக்கிறது, அண்டா இருக்கிறது, கேமராவைப் பார்த்தே படித்துவிட்டு வந்த இளைய ஆசிரியர்களும் இப்போது இருக்கிறார்கள். மாஸ்டருக்கு முகூர்த்த நாள் கூலியில் பாதியும் போக வர ஆட்டோவும் கொடுத்தால் வருவார். முதல் நாள் மைசூர்பாகு வைத்துக்கொள்ளலாம். பத்துக் கிலோ சர்க்கரை வீணாகும் என்று இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.